எலுமிச்சை வேரில் சிவப்பு முடிச்சு

சம்பூர்ணத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சாமியே இறங்கிவந்து சத்தியம் செய்தாலும் போகாது. இந்த முறை அது வந்தது ஒரு சனிக்கிழமை காலையில், எலுமிச்சைச் செடியின் அடியில்.

பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு. முன் வீட்டில் சம்பூர்ணமும் அவள் கணவர் ராஜேஷ்குமாரும். பின் வீட்டில் கொழுந்தன் சித்தார்த்தும் அவன் மனைவி யாமினியும். நடுவில் அந்தச் செடி. இடுப்புயரம்தான், ஆனால் இரண்டு வீட்டு ஊறுகாய்க்கும் காய்த்துத் தள்ளியது. ஆறு மாதமாக அதற்கு என்ன வந்ததோ, இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. ஓரகத்திகள் பேச்சை நிறுத்தியதும் அதே ஆறு மாதமாகத்தான். சம்பூர்ணத்தின் அண்ணன் குடும்பம் விருந்துக்கு வந்த அன்று யாமினி மோட்டாரை அணைக்க மறந்து, சம்ப்பில், அதாவது தரைத் தொட்டியில், இருந்த தண்ணீரெல்லாம் மாடித் தொட்டி நிரம்பி வழிந்து போனது. அதோடு சரி.

அந்தச் சனிக்கிழமை எரு வைக்கலாம் என்று சம்பூர்ணம் மண்ணைக் கிளறினாள். களைக்கொத்தில் ஏதோ மாட்டியது. இழுத்தால் சிவப்புத் துணி முடிச்சு. அவிழ்த்தால் துருப்பிடித்த ஆணிகள்.

எலுமிச்சை, சிவப்புத் துணி, ஆணி! இதற்கு மேல் யாராவது வந்து விளக்க வேண்டுமா? ராஜேஷ்குமாருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டதும் புது மிக்ஸி எரிந்துபோனதும் இந்த ஆறு மாதத்துக்குள்தானே நடந்தது!

"ஏங்க, உங்க தம்பி பொண்டாட்டி நமக்குச் செய்வினை வச்சிருக்கா."

"சும்மா இரு. அவ லேப்ல வேலை செய்யற பொண்ணு."

"லேப்ல வேலை செஞ்சா? ஆணி தானா நடந்து வந்து முடிச்சுக்குள்ள படுத்துக்கிச்சா?"

அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார். பாவம், கல்யாணமான நாளாக அவருக்கு அதுதான் கவசம். இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் எழுப்பியே தீரவேண்டும் என்று சம்பூர்ணம் மூன்று நாள் அடுப்பு பற்றவைக்காமல் உட்கார்ந்தாள். நான்காம் நாள் கேட்டருகே சுவர் கட்டும் சாலிட் பிளாக் கற்கள் வந்து இறங்கின. அடுத்த திங்கட்கிழமை மேஸ்திரி வருவதாகப் பேச்சு. தம்பியிடம் காரணம் சொல்லப் போன ராஜேஷ்குமார், வாய் வராமல், "காத்து ரொம்ப அடிக்குதுப்பா, அதான்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அன்று மாலை யாமினி முன் வீட்டு வாசல் வரை வந்து, கொஞ்ச நேரம் நின்று, திரும்பிப் போனாள். குட்டு வெளிப்பட்டுவிட்டது, அதான் முகத்தைக் காட்ட முடியவில்லை என்று சம்பூர்ணம் ஜன்னலுக்குள்ளிருந்தே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

அவள் சும்மாவும் இருக்கவில்லை. முடிச்சைக் கண்ட அன்றே அதைச் சாக்கடை மோரியில் வீசியிருந்தாள். கெட்டது கழியட்டும் என்று இரண்டு கை கல்லுப்பை வேரைச் சுற்றிப் போட்டுத் தண்ணீர் விட்டாள். மறுநாளும் போட்டாள், அதற்கடுத்த நாளும் போட்டாள். வாரம் முடிவதற்குள் இலைகள் ஓரம் கருகிக் கொட்டின.

"பாருங்க, எவ்ளோ பலமா வச்சிருக்கா!" என்று கணவரிடம் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னல் வழியே பார்த்தால், செடியடியில் யாமினி குந்தியிருக்கிறாள். கையில் களைக்கொத்து, பக்கத்தில் இன்னொரு சிவப்பு முடிச்சு. சம்பூர்ணம் செருப்பைக்கூடப் போடாமல் பாய்ந்தாள்.

"கையும் களவுமா மாட்டினியா! ஆணிய வச்சு என் குடும்பத்தையே அழிக்கப் பார்க்கறியா?"

யாமினி நிமிர்ந்தாள். முகத்தில் பயம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "என்னக்கா சொல்றீங்க? ஆணி செடிக்கு. இரும்புச் சத்து கம்மியானா இலை இப்படித்தான் மஞ்சளாகும், துருப்பிடிச்ச ஆணி புதைங்கன்னு ஆனேக்கல் ஊர்ல நர்சரிக்காரர் சொன்னாரு. அடிக்கிளைல பச்சையா கொழுந்து வந்துச்சே, பார்க்கலையா?"

சம்பூர்ணம் பார்க்கவில்லை. முடிச்சைக் கண்ட பிறகு அவள் வேறு எதையுமே பார்க்கவில்லை.

"அப்ப சிவப்புத் துணி எதுக்கு?"

"என் பழைய ரவிக்கைத் துணிக்கா. நீங்க சில நேரம் வெறுங்கையால மண்ணைக் கிளறுவீங்க. ஆணி குத்திடுமேன்னு கட்டி வச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள் சம்பூர்ணம் மெதுவாக.

"நான் எதிர்ல வந்தா நீங்க கதவைச் சாத்திக்கறீங்க. எங்க சொல்றது?"

யாமினி மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். "அய்யோ தேவரே, கடவுளே, உப்பு! யாருக்கா போட்டது?"

சம்பூர்ணத்தின் முகமே சொல்லிவிட்டது.

இருவரும் உப்பேறிய மேல்மண்ணை வாரிக் கொட்டினார்கள். யாமினி தன் வீட்டிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து, உப்பு அடியில் இறங்கிப் போகும்வரை ஊற்றினாள். அடிக்கிளையில் ஒரே ஒரு கொழுந்து கருகாமல் தப்பியிருந்தது. பிழைத்துக்கொள்ளும் என்றாள். சம்பூர்ணத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"யாமினி, நான் பாவி. என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி பிளாக்கெல்லாம் திருப்பி அனுப்பிடறேன். சுவரும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

யாமினி கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று சம்பூர்ணத்துக்குத் தோன்றியது.

"தண்ணி வழிஞ்சதுக்கு நீங்க கோவிச்சுக்கிட்டது சரிக்கா. ஆனா நான் உங்க குடும்பத்தை அழிப்பேன்னு நினைச்சிட்டீங்க. இப்ப என் கையால ஒரு டம்ளர் காபி குடுத்தா குடிப்பீங்களா?"

குடிப்பேன் என்று சொல்லத்தான் சம்பூர்ணம் வாயெடுத்தாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, தயங்கிவிட்டாள். யாமினி அதைப் பார்த்துவிட்டாள்.

"செடி உங்க பக்கமே இருக்கட்டும். சுவரைக் கட்டிடுங்கக்கா."