பூஜைக்குச் சுத்தம் செய்த கம்ப்யூட்டர்

ஆயுத பூஜைக்கு எல்லோரும் மெஷினைத் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். செந்தூர்பாண்டி அதோடு நிற்கவில்லை. சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் புரோகிராம் எழுதுகிறவர் அவர். பெட்டிக்கு லேபிள் அடிக்கும் புரோகிராம் தன் கைவண்ணம் என்று சொல்லிக்கொண்டாலும், அதில் முக்கால்வாசி யார் யாரோ எழுதி இணையத்தில் இலவசமாக விட்டிருக்கும் ‘லைப்ரரி’ என்கிற துணைப் புரோகிராம்கள்தான். ஒன்று பார்கோடு வரையும்; இன்னொன்று பிரிண்டரோடு பேசும். எல்லாம் பழைய வெர்ஷன். நல்ல நாளும் அதுவுமாக இதென்ன அழுக்கு என்று, சந்தனம் காய்வதற்குள் அத்தனையையும் புதுசாக மாற்றினார். பழையது எந்த வெர்ஷன் என்று குறித்துக்கொள்ளாமலே அழித்தார். சூடம் காட்டினார்.

மறுநாள் விஜயதசமி. தீபாவளி சீசனின் பெரிய லோடு ராகுகாலத்துக்கு முன்னால் கிளம்பியாக வேண்டும். லேபிள் இல்லாத பெட்டி லாரி ஏறாது. லேபிள் புரோகிராமோ திறக்கவே மறுத்தது. புதுப் பார்கோடு லைப்ரரிக்கும் புதுப் பிரிண்டர் லைப்ரரிக்கும் ஆகவில்லை. ஒன்றைச் சமாதானம் செய்தால் மற்றது முறுக்கிக்கொண்டது.

முதலாளி லட்சுமிகாந்தம் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"ஏலே செந்தூரு, நேத்துவரைக்கும் ஓடுச்சுல்ல? என்னலே பண்ணுன?"

"சுத்தம் பண்ணுனேன் அண்ணாச்சி."

"லோடு நேரத்துக்குப் போகலைன்னா ஒன்னையச் சுத்தம் பண்ணிருவேன். நாளைக்கு இந்தச் சேர்ல வேற ஆளு உக்காந்திருப்பான்."

அப்போதுதான் ஜெனிட்டா ஞாபகம் வந்தது. அவருடன் புரோகிராம் எழுதுகிறவள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, காலில் கட்டோடு ஒரு மாதமாக நாரணாபுரத்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அவள் லேப்டாப் பூஜைக்கு வரவில்லை. கிறிஸ்தவப் பிள்ளை, கூப்பிட்டால் சங்கடப்படும் என்று தானாகவே முடிவு செய்து, பொரிகூடக் கொடுத்துவிடாத மகான் செந்தூர்பாண்டியேதான்.

போன் செய்தார்.

"என் லேப்டாப்புல எல்லாம் பழசாவே இருக்குண்ணே. இங்கன நெட்டு இழுக்குது. நேர்ல வாங்க, பென்டிரைவ்ல தாரேன்."

பைக்கில் பறந்தார். ஸ்டூலில் காலை நீட்டியிருந்த ஜெனிட்டா, முதலில் பார்த்தது அவர் கையைத்தான்.

"எங்கண்ணே?"

"என்னதும்மா?"

"பூஜைப் பொரி."

"சர்ச்சுக்குப் போற பிள்ள, ஏதும் நெனச்சுக்குவியோன்னு..."

"வருசா வருசம் ஆபீஸ் பொரியில கடலைய மட்டும் பொறுக்கித் தின்னது யாருன்னு நெனச்சீக? எலின்னா?"

போன வருசம் எலிக்கூண்டு வாங்கி வைத்தவரே செந்தூர்பாண்டிதான்.

அவள் சிரித்துக்கொண்டே பென்டிரைவைச் செருகினாள். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "ஒரு மாசமா வேலைன்னா மட்டுந்தான்ணே போன் வருது."

அவர் அவள் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார்.

அவளே பேச்சை மாற்றினாள். "மருந்து கலக்குற ரூமையும் பேக்கிங் ரூமையும் ஒட்டியா கட்டுறோம்? நீங்க எல்லா லைப்ரரியையும் ஒரே ரூம்ல போட்டு வச்சிருக்கீக. இனி புதுச தனியா ஓட்டிப் பாத்துட்டு அப்புறமா மாத்துங்க."

"அந்த ரூம்லதாம்மா நேத்து நான் சூடமும் கொளுத்துனேன்."

ஆபீசுக்குத் திரும்பி பென்டிரைவிலிருந்த பழைய லைப்ரரிகளை ஏற்றியதும் புரோகிராம் திறந்தது; ராகுகாலம் பிறக்கச் சற்று முன்னால் கடைசி லேபிள் ஒட்டி முடிந்தது. லாரிச் சக்கரம் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு நகர்ந்த பிறகுதான் செந்தூர்பாண்டிக்கு மூச்சு வந்தது. புரோகிராம் தானாக வேறு வெர்ஷனுக்குத் தாவாதபடி, ஒவ்வொரு லைப்ரரிக்கும் வேலை செய்கிற வெர்ஷன் எண்ணைக் குறித்துப் பூட்டினார்.

சாயங்காலம் மிச்சப் பொரி மூட்டையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்து, கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பொட்டலம் நிறைகிற நேரத்தில் முதலாளி எட்டிப் பார்த்தார்.

"அடப்பாவி! இம்புட்டு வருசமா கடலையைத் தின்ன எலி நீதானாலே?"

"ஆமா அண்ணாச்சி" என்று ஒத்துக்கொண்டு, பொட்டலத்தைச் சட்டைப்பையில் திணித்து, நாரணாபுரத்துக்குப் பைக்கைத் திருப்பினார்.