படுப்பதும் படுக்க வைப்பதும்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடியில் நின்றுபோன லிஃப்ட்டையும் கிளப்பிவிடுவார். இங்கிலீஷில் இரண்டு வார்த்தை ஒன்றுபோல இருந்தால் மட்டும் முழி பிதுங்கும். வெளிநாட்டு வேலைக்கு இங்கிலீஷ் பரீட்சை தேற வேண்டும். டீச்சர் பெண்டாட்டி வீட்டிலேயே இருக்கும்போது டியூஷனுக்கு எதற்குப் போக வேண்டும் என்று என்னிடமே வந்து உட்கார்ந்தார்.

அவர் மட்டும்தான் போகிறார். மகள் காய்ச்சலில் போன பிறகு இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது என்றார். எனக்கோ இந்த வீட்டை விட்டால் அவள் இருந்த இடம் என்று வேறு எதுவும் இல்லை. நீயும் வா என்றார், மாட்டேன் என்றேன். இங்கேயே இருங்கள் என்று கெஞ்சினேன், மனிதர் மசியவில்லை. பரீட்சையில் கோட்டை விட்டால்தான் அவர் என்னோடு இருப்பார். ஏடாகூடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். பாழாய்ப்போன டீச்சர் புத்தி, மனசு வரவில்லை.

என் வகுப்பில் வினைச்சொல்லை வாயால் சொன்னால் போதாது, செய்துகாட்ட வேண்டும். அவருக்கும் அதே வைத்தியம்தான். 'ரைஸ்' என்றால் தானாக எழுவது, நாற்காலியிலிருந்து எழுந்தார். 'ரெய்ஸ்' என்றால் வேறொன்றை உயர்த்துவது; நாற்காலியைத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் அது ஃபேனில் போய் இடித்தது. எத்தனையோ நாள் கழித்து இருவரும் சிரித்தோம். உடனே திருட்டுத்தனம் பண்ணியவர்கள்போல வாயை மூடிக்கொண்டோம்.

அடுத்து 'லை', 'லே'. முதலாவது தானாகப் படுப்பது. கட்டிலில் கையைக் காலை நீட்டிப் படுத்தார். இரண்டாவது, ஒன்றைப் படுக்க வைப்பது. தலையணையைக் கொடுத்துச் செய்யச் சொன்னேன். சும்மா வைத்துவிட்டு வர வேண்டிய தலையணை. அவர் அதன் ஒரு முனைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, மெல்லக் குனிந்து இறக்கினார். இறக்கிய பிறகும் கையை உருவவில்லை. தோளில் தூங்கிப்போன மகளை அவர் இப்படித்தான் கட்டிலில் விடுவார்.

"கையை எடுங்க," என்றேன்.

"எடுத்தா முழிச்சுக்குவா."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நான் சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடியும் கழுவினேன். அழுகைச் சத்தம் வெளியே கேட்கக் கூடாதல்லவா.

பரீட்சை முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். பேச்சுத் தேர்வில் ஒரு அம்மா, வேலை முடிந்து வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டாராம். மகளைப் படுக்க வைப்பேன், நானும் பக்கத்தில் படுப்பேன் என்று இவர் இங்கிலீஷில் சொன்னாராம். இரண்டு வினைச்சொல்லும் அதனதன் இடத்தில் சரியாக விழுந்ததாம். தேறிவிடுவார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"நீங்க போயிட்டா பொண்ணு ஏங்கிப் போயிடாதான்னு கேட்டாங்க," என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"அவ அம்மாகூட இருக்கான்னு சொன்னேன்."

அவரை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. எழுந்துபோய் அவருக்குச் சோறு போட்டேன்.

கிளம்புகிற அன்று காலையில் டாக்சி வந்து ஹார்ன் அடித்தது. பெட்டி வாசலில் இருந்தது, ஆளைக் காணவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். கட்டிலில் குனிந்து, தலையணைக்கு அடியில் கையைக் கொடுத்தபடி நின்றிருந்தார். அவராக எடுக்கமாட்டார்.

பக்கத்தில் போய் என் கையை அதற்கு அடியில் கொடுத்தேன். பிறகு அவர் கையை மெதுவாக உருவிவிட்டேன்.

"முழிக்கல. நீங்க போங்க," என்றேன்.