பயமறியாத லியாவின் ஒலிபெருக்கி

மனிதகுலம் அச்சத்தை வென்ற தருணங்கள் வரலாற்றில் மிகச் சில. அவற்றுள் ஒன்று, கீலுங் துறைமுகத்தின் பின்சந்துகளில் தினமும் காலையில் ஒரு குட்டி லாரியிலிருந்து அறிவிக்கப்பட்டு வந்தது.

"பழைய ஏசி, ஓடாத ஃபிரிட்ஜ், படம் தெரியாத டிவி வாங்குறோம். சாவு விழுந்த வீடா, பரவாயில்ல. பயம்னா என்னன்னே தெரியாத லியாவ் சிந்துவான் வந்திருக்கார். லியாவ் சிந்துவான்."

பதிவு செய்த குரல் லியாவுடையதேதான். தன்னையே 'வந்திருக்கார்' என்று சொல்லிக்கொள்ள அவர் கூசவில்லை. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் பிறந்தால் செத்தவர்களின் ஆவிகளெல்லாம் தெருவுக்கு வந்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை; அப்போது மற்ற பழைய இரும்புக்காரர்கள் சாவு வீட்டுப் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள். லியாவுக்கு அதுதான் அறுவடைக் காலம்.

அன்று யோவ் அம்மாள் தன் ஐந்து மாடிக் கட்டடத்தின் வாசலில் மேசை போட்டு, செத்தவர்கள் பசியாற நூடுல்ஸ் கப்பும் பீரும் அடுக்கி, ஊதுபத்தி குத்திக்கொண்டிருந்தாள். லாரி நின்றது.

"லியாவ் மாஸ்டர், உங்களுக்குக் கொஞ்சமாவது கூறு இருக்கா? இந்த மாசத்துல பெத்த புள்ளையக்கூட வெளிய பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், அவங்க காதுல விழுந்துடும்னு. நீங்க முழுப் பேரையும் மைக் வெச்சு ஓதிக்கிட்டுத் திரியிறீங்க."

"விளம்பரம் அக்கா. அவங்க வீட்லயும் பழைய ஏசி இருக்கும்ல."

அவள் சிரிக்கவில்லை. "நாலாவது மாடில ஒண்ணு இருக்கு. அதக் கழட்டிக் கொண்டாந்துட்டீங்கன்னா, கட்டடம் பூரா மாத்தப் போறேன், அத்தனை பழசும் உங்களுக்கே. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

நாலாவது மாடிக் கதை தெருவுக்கே தெரியும். மூன்று வருடத்துக்கு முந்தைய கோடையில் அங்கே தனியாக இருந்த தையல்காரி செத்துப்போனாள். ஏசி ஓடிக்கொண்டே இருந்ததால் அறை குளிர்ந்து கிடந்தது, யாருக்கும் தெரியவில்லை. பில் கட்டாததால் கரண்டைப் பிடுங்கிய பிறகுதான் தெரிந்தது, மூக்கு வழியாக. அப்புறம் அந்த அறைக்கு யாரும் கரண்ட் கொடுக்கவில்லை.

ஒரு கட்டடத்து ஏசி என்றால் ஒரு வருடக் கவலை தீரும். லியாவ் லாரியை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி மாடியேறினார்.

அறை காலி. வெளியே வெயில் கொளுத்தியது. ஜன்னலில் துருவேறிய ஏசி. திருகுகளைக் கழற்றி அதன் முகத்தில் கை வைத்தார். ஜில்லென்றிருந்தது. ஒயரைப் பார்த்தார். பிளக் தரையில் கிடந்தது.

"நிழல்ல இருந்திருக்கு, அதான்," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார்.

"லியாவ் சிந்துவான்."

ஏசிக்குள்ளிருந்து வந்தது. பெண் குரல். ஆனால் ராகம் அப்படியே அவருடைய ஒலிபெருக்கி ராகம்.

இந்த மாதத்தில் ஆள் தெரியாமல் பேர் மட்டும் கேட்டால் பதில் கொடுக்கக் கூடாது. கீலுங்கில் தவழும் குழந்தைக்கும் இது தெரியும், லியாவுக்கும் தெரியும். ஆனால் அது, எந்த ஜன்னலிலிருந்து கூப்பிட்டாலும் பதில் சொல்லியே வயிறு வளர்த்த வாய்.

"வந்துட்டேம்மா. எத்தனை இருக்கு?"

"ஒண்ணுதான்," என்றது குரல். "நான்தான். எடுத்துட்டுப் போங்க. ரொம்பக் குளிருது."

இரண்டு ஆள் தூக்கும் ஏசியை லியாவ் ஒற்றை ஆளாக, ஒரு படியிலும் நிற்காமல் கீழே கொண்டுவந்தார். பலத்தினால் அல்ல. கீழே வைத்தால் மறுபடி பேசுமோ என்றுதான்.

"அடேயப்பா," என்றாள் யோவ் அம்மாள். "பயமில்லாத ஆளுதான் நீங்க." பிறகு அவள் பார்வை அவருடைய கால்சட்டைக்கு இறங்கியது.

"ஏசித் தண்ணி," என்றார் லியாவ்.

"மத்த ஏசியெல்லாம் எப்ப எடுக்குறீங்க?"

"வேற ஆளப் பாத்துக்கங்க அக்கா. எனக்கு இடுப்பு வலி."

லாரி சத்தமில்லாமல் போனது. அந்த ஏசியை அவர் நடைபாதையிலேயே விட்டுவிட்டிருந்தார். யோவ் அம்மாள் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள்.

பொட்டு ஈரமில்லை.