தித்திக்கு வயது ஐந்து

முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்த ஆறு வயதில்தான் ஹர்ஷினியின் முதல் வீடியோ வந்தது. தோஹாவில், நஜ்மா பகுதியில் இருந்த ஃபிளாட்டின் ஹாலில் நின்றுகொண்டு, இடுப்பில் கை வைத்து அப்பாவை மிரட்டினாள்: "தும்மா இதுங்கப்பா!" 'சும்மா இருங்கப்பா' என்பது பல்லில்லாத வாயில் அப்படித்தான் வந்தது. அப்பா அருள்முருகன் அதை விளையாட்டாகப் போனில் எடுத்து, 'தித்தி' என்ற பெயரில் யூடியூபில் போட்டார். ஒரே வாரத்தில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள்.

ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் ஆயிரம் பேரோடு ஒரே நிறக் கவரால் சீருடை போட்டு டியூட்டி பார்க்கிறவர் அவர். கம்பெனி பஸ்ஸில் முகம் தெரியாத ஆட்களெல்லாம், "நீங்க தித்தியோட அப்பாதானே?" என்று கைகொடுக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சந்தோஷத்தை அவரால் விட முடியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு காமெடி எடுத்தார். அம்மாவாக அவர் மனைவி ஜெயபாரதியே நடித்தாள். கதையில் தித்திக்கு எப்போதும் ஐந்து வயது.

ஹர்ஷினிக்குப் பதினொன்று ஆகிவிட்டது. பற்கள் முளைத்துவிட்டதால் ஜெயபாரதி கண்மையால் இரண்டு பல்லைக் கறுப்பாக்குவாள். உயரம் தெரியாமலிருக்க அருள்முருகன் நாற்காலியில் ஏறி நின்று, மேலிருந்து எடுப்பார்.

பள்ளியில் ஒருநாள் தமிழ்ப் பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். 'சந்தைக்குப் போனான்' என்பது அவள் வாயில் 'தந்தைக்குப் போனான்' என்று வந்தது. வகுப்பே சிரித்தது. டீச்சரும் அவள் வேண்டுமென்றே செய்ததாக நினைத்துச் சிரித்தார். அவள் அப்படிச் செய்யவில்லை.

"அம்மா, சில நேரம் எனக்கு 'ச' வரவே மாட்டேங்குது," என்றாள் வீட்டுக்கு வந்து.

ஜெயபாரதி கணவனிடம் சொன்னாள். "லீவுக்கு ஊருக்குப் போறோம்ல, அதுக்குள்ள நிறுத்திடலாம்," என்றார் அவர். போன வருடமும் இதையேதான் சொல்லியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமைக் கதையில், தனியாக ஊருக்குக் கிளம்பும் அப்பாவின் சூட்கேஸுக்குள் தித்தி ஒளிந்துகொள்கிறாள்.

"ப்ளீஸ்ப்பா, ஐ டோன்ட் வான்ட் டு," என்றாள் ஹர்ஷினி.

"ஒரே நிமிஷம்டா. ஜிப்பை முழுசா மூட மாட்டேன்."

முழங்காலை மார்போடு இடுக்கிக்கொண்டு படுத்தாள். மூடி இறங்கியது. ஜிப்பை இழுக்கும்போது அவள் பாவாடையின் லேஸ் அதன் பல்லுக்குள் சிக்கிக்கொண்டது. அருள்முருகன் கவனிக்காமல் மிச்சத்தையும் இழுத்துவிட்டு, நாற்காலியில் ஏறிப் போனைப் பிடித்தார்.

உள்ளே இருட்டு. புது ரெக்ஸின் வாசனை. மூச்சு முட்டுவதாக, திறக்கச் சொல்லி ஹர்ஷினி கத்தினாள். பயத்தில் வந்தது தித்தியின் குரல்தான்.

"மூத்து முட்டுதுப்பா! தெதங்கப்பா!"

"சூப்பர்! அப்படியே கன்டினியூ பண்ணு!" என்றார் அப்பா.

அவள் இன்னும் கத்தினாள். அவர் இன்னும் சிரித்தார். சமையலறையில் தன் காட்சிக்காகக் காத்திருந்த ஜெயபாரதிக்குத்தான் அடுத்த அலறலில் ஏதோ வித்தியாசமாகப் பட்டது. ஓடிவந்து ஜிப்பை இழுத்தாள், அசையவில்லை. "இறங்குங்க! நெஜமா அழறா!" என்று கத்திக்கொண்டே காய் நறுக்கும் கத்தியால் சூட்கேஸின் ஓரத்தைக் கிழித்தாள். வியர்வையில் நனைந்து வெளியே வந்த ஹர்ஷினி அம்மாவின் கழுத்தை விடவே இல்லை.

அன்று அருள்முருகன் அந்த வீடியோவை அழித்தார். மன்னிப்பும் கேட்டார். ஆனால் அடுத்த வாரம் ஒரு சூப்பர்மார்க்கெட் திறப்புவிழா இருந்தது. "வாக்குக் குடுத்துட்டேன். இதுதான் கடைசி," என்றார்.

மேடையில் ஃபிரில் கவுனும் இரட்டைப் பின்னலுமாக நின்றாள் ஹர்ஷினி. கீழே நூறு போன்கள் உயர்ந்திருந்தன. மைக்கைக் கொடுத்து, "தித்தி, ஒரு டயலாக்!" என்றார் தொகுப்பாளர்.

"என் பேரு ஹர்ஷினி," என்றாள் அவள். "எனக்குப் பதினொரு வயசு. இது எனக்குப் பிடிக்கல." ஒவ்வொரு எழுத்தையும் நிதானமாக, சரியாகச் சொன்னாள்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. "பெரிய மனுஷி மாதிரி பேசுது பாரு!" என்றார் ஒருவர்.

அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏறிவந்து, மைக்கை வாங்கித் தொகுப்பாளர் கையில் வைத்துவிட்டு, மகளை அணைத்துக் கீழே கூட்டிப்போனார்.

"என்னை யாரும் நம்பலப்பா," என்றாள் காரில்.

"நான் நம்புறேன்டா," என்றார்.

சேனலை அன்றே மூடினார். அதனால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பிறர் எடுத்து வைத்திருந்த பிரதிகள் புதுப்புதுப் பெயர்களில் ஓடிக்கொண்டே இருந்தன. ஹர்ஷினி பேச்சுப் பயிற்சிக்குப் போகிறாள். போகிற வழியில், கிளினிக் லிஃப்ட்டில் யாராவது அவளை உற்றுப் பார்த்துவிட்டு, அவசரமாகப் போனை எடுக்கிறார்கள். கதவு திறக்கும்வரை அவள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள்.