முட்டை அட்டை அறையும் நூறு பேரும்

1

இந்தக் கதை என் தப்பில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என் காதைத் திருக வேண்டியிருக்காது.

ஒரு பல்கலைக்கழகத்தின் நிதி திரட்டும் அலுவலகத்தில் எனக்கு எழுத்து வேலை. வருடத்துக்கு ஒருமுறை, மூன்று நாள், மாணவர் குழுக்களெல்லாம் இணையத்தில் வரிசைகட்டி நின்று ஆதரவு கேட்கும். நாடகக் குழு, மலையேறும் குழு, ரோபோ செய்யும் குழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், ஒரு படம், உருக்கமாக நாலு வரி. உருகுவது என் பொறுப்பு. ஒரே வாரத்தில் அறுபது குழுக்களுக்காக உருகினேன். ஐம்பத்து மூன்றாவது குழு வரும்போது கை தானாகவே எழுதியது:

‘இருளில் தவிக்கும் ஒரு மாணவிக்கு ஒளியாக வாருங்கள்.’

அந்த மாணவியை நான் பார்த்ததுகூட இல்லை.

2

கதையை எப்படித் தொடங்குவது?

(அ) மழை தூறிக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை... [மழையே இல்லை. நல்ல வெயில். அடித்தாயிற்று.]

(ஆ) அவளுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை... [பார்த்தீர்களா, மறுபடி அதே புத்தி. அடித்தாயிற்று.]

(இ) ரேடியோவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. [இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.]

ரேடியோ என்பது ஒரு மாணவி. ஓயாமல் பேசுவாள், அதனால் அந்தப் பட்டப்பெயர். பார்வையில்லாத மாணவர்களுக்குப் பாடப்புத்தகங்களை வாய்விட்டுப் படித்து ஒலிப்பதிவு செய்து தரும் குழுவுக்கு அவள்தான் செயலாளர்.* குழுவுக்கு இருப்பது ஒரே ஒரு அறை. முன்பு பழைய நாற்காலிகள் அடைந்து கிடந்த இடம். எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி வைத்திருந்தார்கள்.

இந்த வருடம் நிர்வாகம் ஒரு விதி போட்டது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் நூறு ஆதரவாளர்களைச் சேர்க்கும் குழுவுக்குத்தான் அறை. தொகை எவ்வளவு என்பது கணக்கில்லை, தலை எண்ணிக்கைதான். சேராவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்த மாதம் பரீட்சை. வக்கீலம்மாவின் ஒப்பந்தச் சட்டப் புத்தகத்தில் இன்னும் மூன்று அத்தியாயம் பதிவாக வேண்டியிருந்தது. வக்கீலம்மா யாரென்றால், சட்டம் படிக்கும் ரேடியோவின் தோழி, என் வரியில் இருளில் தவித்தவள்.

* கம்ப்யூட்டர் படிக்காதா என்று கேட்பீர்கள். படிக்கும். அந்தப் பழைய அச்சுப் புத்தகத்தைக் கொடுத்தால் அடிக்குறிப்பையும் பக்க எண்ணையும் வாக்கியத்துக்குள் திணித்து, மூச்சுவிடாமல் படிக்கும்.

3

முதல் நாள் மாலைக்குள் அறுபத்தெட்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். ரேடியோவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து வக்கீலம்மா அறைக்குள் வந்தாள். கையிலிருந்த போன் என் வரியைச் சத்தமாகப் படித்து முடித்தது.

“யாருடி இது, இருட்டுல தவிக்கிறவ?”

“அது... ஆபீஸ்ல எழுதினது.”

“போடறதுக்கு முன்னாடி உன்கிட்ட காட்டினாங்களா?”

“காட்டினாங்க.”

“நீ சரின்னு சொன்னியா?”

“சொன்னேன்” என்றாள் ரேடியோ.

“நேத்து கேன்டீன்ல உன் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேனே, அது தவிப்பா? விவாதப் போட்டியில இறுதியாண்டு ஆளுங்களை மண்ணைக் கவ்வ வெச்சேனே, அது தவிப்பா?”

“அந்த வரியைப் பார்த்துத்தான்டி அறுபத்தெட்டு பேர் வந்திருக்காங்க. எடுத்தா நின்னுபோயிடும். அறை போயிடும். பரீட்சை உனக்குத்தான், எனக்கில்ல.”

“பரீட்சை எனக்குத்தான். பேரும் எனக்குத்தான் கெடுது.”

[இந்த இடத்தில் ‘வக்கீலம்மாவின் கண்கள் கலங்கின’ என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். கலங்கவில்லை. கலங்கியது ரேடியோ. தோழியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தலையாட்டிவிட்டோமே என்றுதான்.]

4

மறுநாள் காலை இருவரும் என் மேசைக்கு முன்னால் நின்றார்கள்.

“மன்னிச்சிடும்மா, இப்பவே அழிச்சிடறேன்” என்றேன்.

“அழிக்காதீங்க சார். படிச்சவங்க படிச்சாச்சு. எங்க அறையில செய்யற மாதிரி செய்ங்க” என்றாள் வக்கீலம்மா.

அவர்கள் அறையில் ஒரு வழக்கம். படிக்கும்போது தப்பு வந்தால் அதை வெட்டி எறியக் கூடாது. ‘திருத்தம்’ என்று சொல்லிவிட்டு, வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடி படிக்க வேண்டும். ஒருமுறை யாரோ தப்பை வெட்டி ஒட்டுப்போட்டதில் நல்ல வரி ஒன்று காணாமல் போய், பரீட்சையில் அதே கேள்வி வந்து, வக்கீலம்மா பதில் தெரியாமல் விழித்தாளாம். அன்றிலிருந்து வெட்டு ஒட்டுக்குத் தடை.

அவள் சொல்லச் சொல்லத் தட்டினேன்:

‘திருத்தம். சட்டம் படிக்கும் ஒரு மாணவிக்குப் பாடப்புத்தகத்தில் மூன்று அத்தியாயம் பதிவாக வேண்டியிருக்கிறது. அறை வேண்டும், படிக்க ஆள் வேண்டும். மாணவி நன்றாக இருக்கிறாள்.’

என் பழைய வரி அதற்கு மேலே அப்படியே பல்லிளித்துக்கொண்டு நின்றது. எங்கள் அலுவலக மேலாளர் தலையில் கைவைத்தார்.

“நம்ம தப்பை நாமளே ஊருக்குக் காட்டணுமாய்யா?”

எனக்கும் பயம்தான். அன்று மதியம் வரை புதிதாக நாலு பேர்தான் வந்தார்கள். ரேடியோ பழைய மாணவர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட ஆரம்பித்தாள்.

அப்புறம் பக்கத்தின் கீழே ஒருவர் எழுதினார்: ‘ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். சட்டம் தெரியாது. சத்தமாப் படிக்கத் தெரியும். எங்க வரணும்?’

நான் உருகிய அறுபது பக்கங்களில் எதன் கீழும் அதுவரை யாரும் ‘எங்கே வரணும்’ என்று கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அவர் அன்று மாலையே வந்து எட்டாவது அத்தியாயத்தைப் படித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு பத்தி முடிந்ததும், ஆள் இறங்கட்டும் என்பது போல ஒரு நொடி நிறுத்தினார். அவர் எழுதியதைப் பார்த்து இன்னும் சிலரும் ‘எங்கே வரணும்’ என்று கேட்டார்கள். எண்ணிக்கையும் மெல்ல நகர்ந்தது.

5

முடிவுக்கு வருவோம். கைவசம் இரண்டு இருக்கின்றன.

(அ) நான்கு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது மேலாளரே தன் பையிலிருந்து கொடுத்து நூறாவது ஆளாகிறார். எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். [எழுதும்போது எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. அதனாலேயே சந்தேகம்.]

(ஆ) தொண்ணூற்றேழில் நின்றுவிடுகிறது. சாவி கைமாறுகிறது. நாற்காலிகள் திரும்பி வரு... [மாட்டேன். மனசு வரவில்லை.]

எது வேண்டும் என்று வக்கீலம்மாவையே கேட்டேன்.

“போன தடவை கேக்காம எழுதுனீங்க, இந்தத் தடவை கேக்கறீங்க. தேறிட்டீங்க சார். ஆனா எனக்கு இப்ப நேரமில்ல” என்றாள்.

6

வெள்ளிக்கிழமை, மூன்று இருபது. தொண்ணூற்று மூன்று. ரேடியோ திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் போன் பேசியதில் தொண்டையில் வெறும் காற்றுதான் வந்தது.

“முறைச்சா ஏறிடுமா?” என்றாள் வக்கீலம்மா. “நாலு மணிக்குள்ள ஆரம்பிச்ச பதிவை யாரும் நடுவுல நிறுத்தச் சொல்ல முடியாது. ஒன்பதாவது அத்தியாயம் எனக்கு இன்னிக்கே வேணும். உனக்குக் குரல் இல்ல. சார், நீங்க படிங்க.”

“நானா?”

“எழுதத் தெரியுதே, படிக்கத் தெரியாதா?”

போன் அதிர்ந்தாலும் மைக்கில் விழும் என்பதால், மூன்று போன்களையும் வெளியே ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டோம். உள்ளே கடிகாரமும் கிடையாது, அதன் சத்தமும் பதிவாகிவிடுமாம். ரேடியோ கதவைச் சாத்தினாள். வக்கீலம்மா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் பக்கம் தலையசைத்தாள். நான் படிக்க ஆரம்பித்தேன்.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. நான்கு மணி ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம். இரண்டு பத்தி முன்னால் வக்கீலம்மா எதையோ புரிந்துகொண்டு மேசையைச் சத்தம் வராமல் ஒரு விரலால் தட்டினாள். நான் நிறுத்தவில்லை.

நீங்கள் வெளியே இருக்கிறீர்கள், வாளிக்குப் பக்கத்தில். ஏதாவது ஒரு போனைத் திருப்பினால் எண்ணிக்கை தெரிந்துவிடும். நூறு ஆகியிருந்தால் சந்தோஷம். ஆகவில்லையென்றால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். எதுவாக இருந்தாலும் கதவை மட்டும் தட்டாதீர்கள். இன்னும் ஒன்பது பக்கம் இருக்கிறது, அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.