டிட்வெல் அழித்த கோடு

1

இந்தக் கதை ஒரு சலூன் நாற்காலியில் பிறந்தது. என் தொண்டையில் சவரக் கத்தி இருந்தது.

"முப்பத்தாறு வயசுக்காரனுக்கு ஆறு வருஷ ஒப்பந்தமா? பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு பேஸ்பால் வீரனைப் பற்றிக் கத்தினார். எனக்குச் சவரம் செய்துகொண்டிருந்த லூ கத்தியை அப்படியே நிறுத்திவிட்டு, "ஏன், கொடுத்தா என்ன? இத்தனை வருஷம் நமக்காக அடிச்சானே, அது கணக்குல வராதா? நீங்க சொல்லுங்க சார்" என்றார்.

அந்த நிலையில் மனிதன் என்ன சொல்வான்? "கொடுக்கலாம்" என்றேன். கத்தி விலகியதும் கருத்து மாறிவிட்டது. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

[வசந்தத்தின் பொன்வெயிலில் மைதானம் மரகதப் பாய் விரித்தாற்போல்—]

வேண்டாம். அமெரிக்காவின் வடக்கே இருக்கும் டொலிடோ நகரத்தில் ஏப்ரல் மாதம் பொன்னும் இல்லை, மரகதமும் இல்லை. மூக்கு ஒழுகும் குளிர்தான்.

[டோரீன் கோசாக் தனிமையில் வாடும்—]

வாடவெல்லாம் இல்லை. அவளுக்கு நேரம் ஏது? பேஸ்பால் அணியில் யாரைச் சேர்ப்பது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்கிற நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள். இனி அவளை விட்டு நகரமாட்டேன்.

2

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். பேஸ்பாலின் உச்சப் போட்டியான பெரிய லீக்கில் டொலிடோவுக்கு அணி கிடையாது. இந்தக் கதைக்காக ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். பெயர் ஹெரன்ஸ். ஊர்க்காரர்கள் ஆட்சேபிக்கவில்லை; சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள்.

அந்த அணியின் நட்சத்திரம் ராண்டல் டிட்வெல், வயது முப்பத்தாறு. பதினைந்து வருஷமாக அதே அணிச் சட்டை. அவன் கேட்பது இன்னும் ஆறு வருஷம். டோரீன் கொடுக்க நினைப்பது மூன்று. பருவத்தின் முதல் ஆட்டத்தில் அவன் சந்திக்கும் முதல் பந்துக்குள் முடிவு சொல்லாவிட்டால் பேச்சு முறிந்தது, அடுத்த வருஷம் வேறு ஊர் என்று அவன் ஏஜெண்ட் கெடு வைத்துவிட்டார். அணியின் முதலாளியோ டோரீனிடம், "அவனை விட்டாலும் உன் வேலை போகும். அவனைக் கட்டிக்கிட்டுத் தோத்தாலும் உன் வேலை போகும்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

ஆட்ட நாள் காலை. மைதானத்துக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடை. டோரீனும் டிட்வெல்லும் மிளகாய்க் குழம்பு ஊற்றிய சாசேஜ் ரொட்டி வாங்கி வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

"சாப்பிடுங்க பாஸ். ஆறிடும்."

"ஆறுங்கிற வார்த்தையே இன்னிக்கு வேணாம் டிட்."

காபி ஊற்ற வந்த கெய்ல் நின்றாள். "ஆறு வருஷத்துக்கா கேக்குற, கண்ணு? என் மூணு புருஷனையும் சேர்த்துப் பார்த்தாக்கூட ஆறு வருஷம் தேறாது."

(இந்த இடத்தில் கெய்ல் ஒரு பொன்மொழி உதிர்த்துப் பிரச்சினையைத் தீர்ப்பாள் என்று எதிர்பார்க்கிறீர்கள். தீர்க்கமாட்டாள். அவளுக்கு இன்னும் நாலு மேஜை இருக்கிறது.)

டோரீன் குரலைத் தாழ்த்தினாள். "நீ எங்க நிக்கிறேன்னு நான் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

டிட்வெல் மெல்லுவதை நிறுத்தினான்.

3

ஓர் அடிக்குறிப்பு. இதைத் தாண்டிப் போகாதீர்கள். கதையே இதில்தான் நிற்கிறது.

மட்டையடிப்பவன் நிற்பதற்குச் சுண்ணாம்பால் ஒரு கட்டம் போடுவார்கள். பின்கோட்டுக்கு வெளியே கால் போகக் கூடாது. ஆனால் பின்னால் தள்ளி நின்றால் பந்து வந்து சேர ஓர் இமைப்பு நேரம் கூடுதலாகக் கிடைக்கும். அதனால் அந்தக் கோட்டை ஷூவின் அடி ஆணிகளால் தேய்த்து அழித்துவிடுவார்கள். இல்லாத கோட்டை யார் தாண்டினார் என்று நடுவர் எப்படிச் சொல்வார்?

வாலிபத்தில் டிட்வெல் கட்டத்தின் முன்பக்கம் நின்று அடித்தவன். பந்தைப் பாதி வழியில் போய் வரவேற்பவன் என்று பெயர்.

4

"எல்லாரும் கோட்டை அழிக்கிறாங்க பாஸ்."

"முன்னெல்லாம் நீ அழிச்சதில்ல. மூணு வருஷமா அழிக்கிற. ஒவ்வொரு வருஷமும் ஒரு ஷூ அகலம் பின்னாடி போற. இதே வேகத்துல போனா ஆறாவது வருஷம் பார்க்கிங்ல நின்னு அடிப்ப."

டிட்வெல் சிரித்துவிட்டான். "பின்னாடி நின்னுதானே போன வருஷம் முப்பது தடவை பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினேன்? அதுக்குப் பேரு வயசில்ல, மூளை."

[டிட்வெல் கண்கலங்கி, பள்ளியில் படிக்கும் தன் மகளின் புகைப்படத்தை எடுத்து—]

இந்த வரியையும் அடித்துவிட்டேன். அந்தக் குழந்தையை இழுத்து வந்தால் நீங்கள் ஆறு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். அது டோரீனுக்கு அநியாயம்.

அவன் உண்மையில் சொன்னது இது: "நாலாவது வருஷம் என்னால முடியாம போகலாம். எனக்கும் தெரியும். ஆனா 'போதும்'னு சொல்றது என் வாயா இருக்கணும். காகிதம் சொல்லக் கூடாது."

"சொல்லிட்டுப் போனா மிச்சச் சம்பளம் கிடையாது. அப்பவும் சொல்வியா?"

"சொல்வேன்."

"மூணு வருஷமா அந்தக் கோட்டைக்கூடப் பார்க்க முடியாம அழிக்கிற. நீயா சொல்லப் போற?"

ரொட்டி உண்மையிலேயே ஆறிவிட்டது.

டோரீன்தான் மறுபடி பேசினாள். "சரி. இன்னிக்கு நீ கோட்டை அழிக்காத. முன்னாடி நில்லு, பின்னாடி நில்லு, உன் இஷ்டம். ஆனா கோடு இருக்கட்டும். நீ எங்க நிக்கிறேன்னு ஊர் பார்க்கட்டும், நீயும் பாரு. அழிக்காம நின்னா ஆறு."

"அழிச்சா?"

"மூணு."

"இதை முதலாளிகிட்ட எப்படிச் சொல்வீங்க?"

"சொல்லமாட்டேன். அவர் கூட்டி வெச்ச ஆராய்ச்சிக் குழு போடுற கணக்கைவிட இது எனக்குப் புரியுது."

டிட்வெல் கையை நீட்டினான். குலுக்கினார்கள். கையில் மிளகாய்க் குழம்பு.

5

எனக்கு இந்தப் பந்தயம் ரொம்பப் பிடித்திருந்தது. கோட்டில் கால் விழுந்ததும் கதை முடிந்துவிடும், நானும் எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன்.

மதியம். டோரீன் மேல்மாடக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றாள். கையில் போன். ஏஜெண்ட்டுக்கு ஒரே ஓர் எண்ணை அனுப்பினால் போதும். கீழே புதுச் சுண்ணாம்பில் கட்டம் பளிச்சென்று இருந்தது. மட்டையடிக்க டிட்வெல் மூன்றாவதாக வரவேண்டியவன்.

முதலில் வந்தவன் மைக்கா. அதே அணியின் துடிப்பான ஆள். நடை, கையுறை மாட்டும் விதம், தொப்பியின் சாய்வு எல்லாமே டிட்வெல்லைப் பார்த்துப் பழகியவை. கட்டத்துக்குள் நுழைந்தான். இடது காலால் ஒரு தேய். வலது காலால் ஒரு தேய். பின்கோடு போயே போய்விட்டது.

"அட மடையா!" என்று டோரீன் கத்தியதில் பக்கத்திலிருந்தவரின் பாப்கார்ன் கொட்டியது.

மைக்காவைத் திட்டி என்ன பயன்? அழிக்காதே என்று ஒருவனிடம் மட்டும் சொன்னது அவள் தப்பு. டிட்வெல்லைப் பார்த்து அணியே அழிக்கக் கற்றுக்கொண்டதை அவள் மறந்துவிட்டாள். (நானும் மறந்துவிட்டேன். இரண்டு நாள் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.)

6

சில முடிவுகளை முயன்று பார்த்தேன்.

[ஆறு கொடுத்தாள். ஐந்தாம் வருஷம் அவன் நொண்டிக்கொண்டு ஓடினான். ஊர் எழுந்து நின்று கைதட்டியது, தோற்றது, மறுபடி கைதட்டியது—]

[மூன்று கொடுத்தாள். நாலாம் வருஷம் அவன் வேறு ஊர்ச் சட்டையில் திரும்பி வந்து, டோரீனின் கண்ணாடி மேலேயே பந்தை—]

இரண்டும் நடக்கக்கூடியவைதான். இரண்டையும் லூவிடம் படித்துக் காட்டினேன். இரண்டுக்கும் வேண்டாமென்று கத்தியை ஆட்டினார்.

ஆகவே, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

டிட்வெல் வந்தான். கோடு இருந்த இடத்தைப் பார்த்தான். மேல்மாடத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்துச் சிரித்தான். டோரீனுக்கும் சிரிப்பு வந்தது. தாங்க முடியாத சிரிப்பு.

பிறகு அவன் குனிந்தான். மட்டையின் நுனியால் மண்ணில் ஒரு கோடு போட்டான். நேராக, நிதானமாக. நடுவரே ஆச்சரியமாகப் பார்த்தார். கோடு போட்டுவிட்டு நிமிர்ந்து காலை ஊன்றினான்.

கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அவ்வளவு உயரத்திலிருந்து டோரீனுக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள். மூச்சுப் பட்டு அதுவும் மங்கிவிட்டது. ஆனால் அவன் தானே குனிந்து கோடு போட்டதை அவள் பார்த்தாள். அது போதுமா?

வீசுபவன் கையைப் பின்னால் கொண்டுபோய்விட்டான். டோரீன் போனை உங்களிடம் நீட்டுகிறாள். மூன்றும் ஆறும் ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் இருக்கின்றன, விரல் வழுக்கிவிடப் போகிறது. சீக்கிரம், பந்து கிளம்பிவிட்டது.