எதிர்ப்பக்கம் சாய்கிறவர்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மார்பு எக்ஸ்ரே எடுக்கும் அறைக்கு வெளியே, வரிசையில் நின்றபோது கிடைத்தது. கல்குவாரியில் வேலை பார்த்தவர்களின் நுரையீரலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுப்பார்கள். எனக்கு முன்னால் நின்றவர் பாறையில் துளைபோட்டு வெடி வைத்தவர். குவாரியில் அவரை 'எண்ணிக்கை' என்போம். பதினாறு குழிக்கு மருந்து வைத்தால் பதினாறு சத்தத்தையும் விரல்விட்டு எண்ணுவார். ஒன்று குறைந்தால் வெடிக்காத மருந்து கிடக்கிறது என்று யாரையும் கிட்டே விடமாட்டார். அவரேதான் போய்ப் பார்ப்பார்.

"நீ கதை எழுதுறவனாமே தம்பி. நான் ஒண்ணு சொல்றேன், எழுது. ஆனா ஜிகினா ஒட்டாதே" என்றார்.

ஒட்டமாட்டேன் என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்ற நான் பட்ட பாட்டைக் கீழே பாருங்கள்.

2

முதல் தொடக்கம்: மலைகள் மேகத்தைப் போர்த்திக்கொண்டு—

(அடித்துவிட்டேன். மலையைச் சில்லுசில்லாக உடைத்துத் தோளில் சுமந்தவன் கண்ணுக்கு அது எதையும் போர்த்திக்கொள்ளாது.)

இரண்டாம் தொடக்கம்: கடவுளை நம்பாத ஒருவர் ஒருநாள் காலை—

(பொய். கடவுள் இருக்கிறார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு வேலையை நம்பி அவரிடம் ஒப்படைக்க முடியுமா என்பதில்தான் சந்தேகம்.)

மூன்றாவது நிற்கட்டும்: எண்ணிக்கையின் மனைவிக்கு, மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரியில் மதியம் இரண்டு மணிக்கு இதய ஆபரேஷன். மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. மோட்டார்சைக்கிள் நுழைய மட்டும் வழி இருந்தது. முப்பது வருடம் துளைபோடும் எந்திரத்தைப் பிடித்து அதிர்ந்த அவருடைய வலது கை இப்போது எதையும் இறுக்கிப் பிடிக்காது. ஆகவே மகள் ஓட்டினாள். வீடுவீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் தொழில். அப்பா பின்னால் உட்கார்ந்தார்.

கிளம்புமுன் மனைவி போனில் பேசினாள். "காலம் பூரா எல்லாத்தையும் உங்க கையிலயே வச்சிருந்தீங்க. இன்னைக்கு ஒருநாள் என்னை அவர்கிட்ட விட்டுடுங்களேன். நீங்க விட்டாத்தான் நான் நிம்மதியா உள்ள போவேன்."

"அவர்னா?"

"டாக்டரைச் சொல்லல."

3

செங்குத்துப் பாறையில் கயிறு கட்டித் தொங்குகிறவன் முதல்நாளே கற்றுக்கொள்வது ஒன்று: உடம்பின் பாரம் எப்போதும் பாறைப்பக்கம் இருக்க வேண்டும். எண்ணிக்கை மோட்டார்சைக்கிளிலும் அதையே செய்தார். பாதை பள்ளத்துப் பக்கம் திரும்பும்போதெல்லாம் மகள் அந்தப்பக்கம் சாய, அவர் இந்தப்பக்கம் பாறையைப் பார்த்துச் சாய்ந்தார். வண்டி மடங்காமல் நடுக்கோட்டைத் தாண்டி ஓடியது.

"அப்பா, பின்னாடி உட்கார்ந்துகிட்டு வண்டி ஓட்டாதீங்க."

"நான் எங்கடி ஓட்டுறேன்? சும்மாதானே இருக்கேன்."

"சும்மா இருந்தாத்தான் பரவாயில்லையே! நான் சாயற பக்கம் நீங்களும் சாயணும்."

"அங்க பள்ளம்டி."

"ரோடும் அங்கதான் போகுது."

இடையில் மனைவிக்காகப் பிரார்த்தனையும் செய்து பார்த்தாராம். கடவுளே, டாக்டர் நல்லாத் தூங்கி எழுந்திருக்கணும். ரத்தம் ரெண்டு பாட்டில் கூடவே இருக்கணும். கரண்ட் போகக்கூடாது. பாதியில் அவருக்கே உறைத்தது. காலையில் மேஸ்திரி ஆட்களுக்கு வேலை பிரித்துவிடுவது போலத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

4

மண் சரிந்த இடத்தைத் தாண்டியதும் பனிமூட்டம். அதற்குள்ளிருந்து, மண் அள்ள வந்த லாரி ஒன்று திடீரென முளைத்தது. மகள் வண்டியை ஒடித்தாள். அவர் எதிர்ப்பக்கம் சாய்ந்தார். லாரியின் பின்சக்கரம் ஒரு சாண் தள்ளிப் போயிற்று.

மகள் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினாள்.

"இறங்குங்கப்பா."

இறங்கினார்.

"நடந்து வர்றதுன்னா நடந்து வாங்க. இல்ல, ஏறி என்னோட சாயுங்க. அம்மா மூஞ்சியைப் பாக்காம வழியில சாக நான் வரல."

அவர் நடந்தார். வீம்புதான். மகள் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தாள். ஒரு வளைவு முடிந்த இடத்தில் பலகை இருந்தது: இன்னும் பதினொரு வளைவுகள். மணி பன்னிரண்டே முக்கால்.

(இந்த இடத்தில் ஒரு பாறையை உருட்டிவிட எனக்குக் கை அரித்தது. அவர் நின்றிருந்த இடத்தில், அவர் நகர்ந்த மறு நிமிடம். எழுதியே விட்டேன். எக்ஸ்ரே முடிவு வாங்க வந்த அன்று படித்துக்காட்டினேன். "கல்லு விழல" என்றார். "விழுந்திருந்தா நம்புறதுல என்ன இருக்கு? நாய்கூட நம்பும்.")

பலகையைப் படித்ததும் அவர் ஏறி உட்கார்ந்து கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். "சரி" என்றார்.*

முன்னாலிருந்த முதுகு பள்ளத்துப் பக்கம் இறங்கியது. பாறைக்குப் போ, பாறைக்குப் போ என்று முப்பது வருட உடம்பு கத்தியது. அவர் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தார். வண்டி கோட்டுக்குள்ளேயே அழகாகத் திரும்பியது. இறுகிக் கிடந்த மகளின் தோள் இறங்கியது.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஐந்தாவது வளைவில் மறுபடியும் பாறைப்பக்கம் சாய்ந்துவிட்டார். அந்தச் 'சரி'யை இன்னொருமுறை சொல்ல வேண்டியிருந்தது. எட்டாவதில் மூன்றாம்முறை.

* யாரிடம் சொன்னீர்கள், மகளிடமா கடவுளிடமா என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீ யார் பின்னாடியும் உக்காந்து போனதே இல்லையா தம்பி?"

5

ஒன்று ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மனைவியைப் படுக்கவைத்த தள்ளுவண்டி ஆபரேஷன் அறைக் கதவருகே வந்துவிட்டிருந்தது. மனைவி தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன இது, மூஞ்சியெல்லாம் புழுதி? எம்பொண்ணு ஒழுங்கா ஓட்டுனாளா?"

"ஓட்டுனா."

"நீங்க?"

"நான் ஓட்டல."

அவள் தள்ளுகிறவரிடம், "போலாம்ப்பா" என்றாள்.

6

ஆபரேஷன் முடிந்து கதவு திறந்தபோது என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். இரண்டு முடிவுகளை எழுதினேன். ஒன்று நடந்தது, இன்னொன்று நடக்காதது. இரண்டையும் கிழித்துவிட்டேன். அவள் பிழைத்தாள் என்று முடித்தால், அந்தச் 'சரி'க்குக் கூலி கிடைத்துவிட்டது என்பீர்கள். செத்தாள் என்று முடித்தால், மனிதர் ஏமாந்துபோனார் என்பீர்கள். எனக்கும் இரண்டில் ஒன்றைச் சொல்லித்தான் பழக்கம். வேலை என்றால் கூலி என்று வளர்ந்தவன் நான். பதினொரு வளைவுகளில் அவர் செய்ததை எந்தக் கூலியோடு சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆகவே கதவைச் சாத்தியே வைக்கிறேன். வெளியே மூன்று பேர் உட்காரும் இருக்கை. ஓரத்தில் அவர், கைகளை மடியில் விரித்துப் போட்டிருக்கிறார். அவர் தோளில் மகள் தூங்கிவிட்டாள். இதை எழுதிய நேரமெல்லாம் மூன்றாவது இடத்தில் நான் இருந்தேன். இப்போது எழுந்துகொள்கிறேன்.

வாருங்கள், உட்காருங்கள். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு இன்னும் எரிகிறது.